லைவில் ஓடுவது எந்த நிரல்?

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். லாஸ்பேட்டையில் ஐந்து பேர் உள்ள சின்ன அலுவலகம். புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கடைகளுக்கும் சில ஓட்டல்களுக்கும் பில்லிங் மென்பொருள் செய்து தருகிறீர்கள், பிஎச்பி, மைசீக்வல். நிரல் வாட்ஸ்அப்பில் ஜிப்பாகவும் பென் டிரைவிலும் கைமாறுகிறது, லைவுக்கு, அதாவது கடை பயன்படுத்தும் சர்வருக்கு, ஃபைல்ஜில்லா என்ற கோப்பு ஏற்றும் மென்பொருளில் ஏறுகிறது. கடைக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறீர்கள். ஒருவர் செய்த திருத்தத்தின் மேலேயே இன்னொருவர் தன் பழைய கோப்பை ஏற்றிவிட, ஒரு கடையில் நாள் முழுக்கத் தப்பான பில் போயிருக்கிறது. உங்கள் கேள்விகள் மூன்று: எல்லோரும் கிட்டை (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகக் காக்கும் கருவி) முழுதாகக் கற்ற பிறகுதான் தொடங்க வேண்டுமா? ஜென்கின்ஸ் (பில்டையும் சோதனையையும் தானாக ஓட்டும் மென்பொருள்) ஓட்ட சர்வர் வாங்கலாமா? எந்த பிராஞ்ச் (நிரலின் தனிக் கிளை) முறை நல்லது?

கற்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சர்வர் வாங்க வேண்டாம். பிராஞ்ச் முறையைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நிமிடம் ஒரு கடைக்காரர் போன் செய்து "பில் தப்பா வருது சார்" என்றால், அவருடைய சர்வரில் ஓடுவது எந்த நிரல், அதைக் கடைசியாக யார் எதற்காக மாற்றினார் என்று உங்களில் எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரே வழி, ரிலீஸ் எவருடைய லேப்டாப்பில் இருந்தும் போகக் கூடாது என்று முடிவெடுப்பது. ரெப்போவில் (எல்லோருக்கும் பொதுவான கிட் களஞ்சியம்) இருந்துதான் போக வேண்டும், அதையும் ஒரு எந்திரம் செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்த நிலைக்கு வந்து சேர்வதற்கான வழி.

கிட்டில் ஒரு மாற்றத்தைப் பதிவுசெய்வது கமிட். முதல் கமிட்டிலேயே பலர் சறுக்குகிறார்கள். சீனியரின் லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டர்தான் சரியானது என்று நம்பி அதை அப்படியே கிட்டில் போட்டுவிடுவார்கள். ஆனால் சனிக்கிழமை இரவு அவசரத்துக்கு சிபேனல் என்ற சர்வர் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து நேரடியாகத் திருத்திய நாலு வரி எந்த லேப்டாப்பிலும் இருக்காது. அடுத்த ரிலீஸில் அது காணாமல் போகும், பழைய பிழை திரும்ப வரும், பழி கிட் மேல் விழும். அதனால் முதல் கமிட் லைவ் சர்வரில் இருந்து இறக்கிய நிரலாக இருக்கட்டும். அதன் மேல் ஒவ்வொருவர் ஃபோல்டரையும் வைத்து கிட் டிஃப் போட்டுப் பாருங்கள். சில வித்தியாசங்கள் லைவில் மட்டும் இருக்கும் அவசரத் திருத்தங்கள், சில இன்னும் வெளியே போகாத புது வேலை. மிச்சம் உள்ளவை யாருக்கும் தெரியாத வரிகள். நேரத்தைத் தின்பவையும் அவைதான். ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு நாள் முழுக்கப் போனாலும் பரவாயில்லை என்று பார்த்து முடியுங்கள். தனித்தனியாகச் செய்தால் முடியாது.

அந்த முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோர் கோப்பை எழுதிவிடுங்கள். கடவுச்சொற்கள் உள்ள என்வ் கோப்பு, பிறர் எழுதிய தொகுப்புகள் இறங்கும் வெண்டர் ஃபோல்டர், வாடிக்கையாளர் ஏற்றிய படங்கள், லாக், டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) எதுவும் உள்ளே போகக் கூடாது. கடவுச்சொல் ஒன்று தப்பித்தவறி உள்ளே போய்விட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயனில்லை. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வதைப் பிறகு பார்க்கலாம். டம்ப் கோப்பு 100 எம்பியைத் தாண்டினால் கிட்ஹப் (ரெப்போவை இணையத்தில் வைக்கும் சேவை) வாங்கவே வாங்காது, திருப்பி அனுப்பிவிடும். அது நல்லதுதான்; கடைக்காரரின் விற்பனைக் கணக்குக்கு ரெப்போவில் என்ன வேலை? இன்னொன்று: சர்வரில் எவரும் பிரவுசரில் பார்க்கக்கூடிய பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள்ளேயே கிட் குளோன் (ரெப்போவின் முழு நகல்) செய்து வைக்காதீர்கள். சர்வர் தடுக்காவிட்டால் அந்த மறைவான கிட் ஃபோல்டரை வெளியாள் எவரும் பிரவுசர் வழியாகவே இறக்கிக்கொள்ளலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைத்திருந்தால் ஒரு சின்னத் தொல்லை வரும். கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால் பெயருக்குப் பதிலாக \340\256 என்று எண்களாகக் கொட்டும். ஏதும் கெட்டுப்போகவில்லை, கோர் கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தெரியும். ஆனாலும் கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே வையுங்கள் என்பேன். 'கொ', 'கோ' போன்றவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். கமிட் குறிப்பைத் தாராளமாகத் தமிழில் எழுதலாம், ஒரு தொல்லையும் இல்லை.

கற்றுக்கொள்வதைப் பற்றி. குளோன், புல் (மற்றவர் மாற்றத்தை இறக்குவது), ஆட் (கமிட்டுக்குக் கோப்பைத் தேர்வது), கமிட், புஷ் (உங்கள் கமிட்டை ரெப்போவுக்கு அனுப்புவது), டிஃப் (வித்தியாசம் பார்ப்பது) இவ்வளவு தெரிந்தால் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். கிட் பயமுறுத்துவதற்குக் காரணம் உண்டு. லினக்ஸ் கர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளின் இலவச உரிமம் 2005-ல் நின்றுபோனது. அந்த ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் அவசரமாக எழுதத் தொடங்கியதுதான் கிட். உலகெங்கும் சிதறிக் கிடந்து, ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்களுக்காக எழுதியது. ஒரே அறையில் உட்காரும் ஐந்து பேருக்கு அதில் கால்வாசி போதும்.

ஆனால் அந்தப் பிறப்பில் இருந்து வந்த ஒரு குணம் நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். குளோன் செய்த ஒவ்வொரு லேப்டாப்பிலும் முழு வரலாறும் இருக்கும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, ரெயின்போ நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை பெருகி கடலூர் மிதந்தது. தரைத்தள அலுவலகத்தில் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரே டெஸ்க்டாப்தான் உங்கள் 'மெயின் காப்பி' என்றால் நிலைமை என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் கமிட் மட்டும் செய்துவிட்டு புஷ் செய்யாமல் போனால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. மாலையில் கிளம்பும் முன் புஷ், அரைகுறை வேலையாக இருந்தாலும் தன் பிராஞ்ச்சில் புஷ். டேட்டாபேஸுக்கும் படங்களுக்கும் பேக்கப் தனியாக வேண்டும். கிட் அதைப் பார்த்துக்கொள்ளாது.

பிராஞ்ச் முறை என்று தேடினால் முதலில் கிட்ஃப்ளோ படம்தான் வரும், ஐந்து நிறத்தில் அம்புக்குறிகளோடு. 2010-ல் வின்சென்ட் டிரீசென் எழுதியது. தொடர்ந்து லைவுக்குப் போகும் வெப் மென்பொருள் செய்பவர்கள் இதைவிட எளிய முறையைப் பாருங்கள் என்று அவரே 2020-ல் அதன் தலையில் குறிப்பு சேர்த்துவிட்டார். உங்களுக்கு மெயின் என்ற முதன்மைக் கிளை ஒன்று போதும். ஒரு வேலைக்கு ஒரு பிராஞ்ச், அது ஓரிரு நாளில் மெயினில் சேர்ந்துவிட வேண்டும். மெயினைப் பூட்டி வையுங்கள்: இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் உள்ளே வரக் கூடாது. சீனியர் எழுதியதை ஜூனியர் படிப்பதும் இதில் அடக்கம். "அண்ணே, இந்த வரி எதுக்கு?" என்று தம்பி கேட்கும் கேள்வியிலேயே பாதிப் பிழை வெளியே வந்துவிடும். மெர்ஜ் கான்ஃபிளிக்ட் வந்தால் பதற வேண்டாம். ஒரே வரியை இரண்டு பேர் தொட்டிருக்கிறார்கள், எது வேண்டும் என்று கிட் நிறுத்திக் கேட்கிறது. ஃபைல்ஜில்லா கேட்காமலே ஒன்றை விழுங்கியது.

கமிட் குறிப்பில் 'சின்ன மாற்றம்', 'ஃபிக்ஸ்' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. 'ஷாம்பூ ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5, செப். 22 முதல், பழைய பில் மறுபிரிண்ட்டில் மாறாது' என்று எழுதினால் யார் படித்தாலும் விளங்கும்.

இனி பில்ட். "பிஎச்பிக்குக் கம்பைல் (நிரலை எந்திர மொழிக்கு மாற்றுவது) எல்லாம் இல்லையே, பில்ட் எதற்கு?" என்று கேட்பீர்கள். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதியதன் பின்னணி இதற்குப் பதில். அவருடைய சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் காலை முழுக்க ஒரு பிழையைத் துரத்திக்கொண்டிருந்தார். பிழையை அவர் ஏற்கெனவே சரிசெய்துவிட்டார். திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகவில்லை, அவ்வளவுதான். ஓடுவது எது, திருத்தியது எது என்ற குழப்பம் அப்போதே இருந்தது. அது மொழி சார்ந்த விஷயமே இல்லை. காலியான ஒரு ஃபோல்டரில் தொடங்கி, ஓடக்கூடிய மென்பொருள் கையில் வரும்வரை நடக்கும் எல்லாமே பில்ட். அது ஒரே கட்டளையில் நடக்க வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். புதிதாகச் சேர்ந்தவரிடம் காலியான லேப்டாப்பைக் கொடுத்து, ரெப்போ முகவரியை மட்டும் சொல்லிவிட்டு, யாரும் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் எங்கெங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கெல்லாம் உங்கள் பில்டில் ஓட்டை. பொதுவாக வருபவை இவை: ஒருவர் லேப்டாப்பில் பிஎச்பி 8, சர்வரில் 7.4. விண்டோஸில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பது பொருட்டில்லை, லினக்ஸில் பொருட்டு. அதனால் "என் மெஷின்ல ஓடுதே". பிறகு காம்போசர் (பிறர் எழுதிய பிஎச்பி தொகுப்புகளை இறக்கும் கருவி) லாக் கோப்பை ரெப்போவில் சேர்க்காமல் விடுவது. காம்போசர் இன்ஸ்டால் அந்த லாக்கில் உள்ள பதிப்புகளையே இறக்கும். காம்போசர் அப்டேட் புதியதைத் தேடிப் போகும். சர்வரில் அப்டேட் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதை எழுதியவர் நீக்கிவிட, உலகம் முழுக்க பில்டுகள் உடைந்தன. பிறர் எழுதியதன் மேல் நிற்கிறோம் என்பது அப்படிப்பட்ட நாளில்தான் உறைக்கும்.

ஒரே கட்டளையில் பில்ட் வந்துவிட்டால், அதை ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஓட்ட எந்திரம் தேடுவது சின்ன வேலை. கிட்ஹப் ஆக்ஷன்ஸ் 2019 நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தனியார் ரெப்போவுக்கே மாதம் 2,000 நிமிடம் இலவசம். ஒரு பில்டுக்கு நாலு நிமிடம், நாளைக்குப் பதினைந்து, மாதம் இருபத்தைந்து வேலைநாள் என்றால் 1,500. போதும். ஜென்கின்ஸ் நல்ல மென்பொருள். கொசுகே கவாகுச்சி ஹட்சன் என்ற பெயரில் தொடங்கி, ஆரக்கிளோடு பெயர்த் தகராறு வந்து 2011-ல் ஜென்கின்ஸ் ஆனது. இன்றும் பெரிய நிறுவனங்களில் ஓடுகிறது. ஆனால் அதற்கென்று ஒரு சர்வர், யுபிஎஸ், பிளகின் அப்டேட், இதையெல்லாம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஐந்து பேரில் ஒருவர் பாதி ஆள் ஆகிவிடுவார். நிரல் வெளியே போகவே கூடாது என்று வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அந்த எந்திரம் முதல் நாளில் பிஎச்பி இலக்கணச் சோதனையை மட்டும் செய்தாலே போதும். அரைப்புள்ளி விட்டுப்போன கோப்பு லைவுக்குப் போகாது. அடுத்து டெஸ்ட், அதாவது உங்கள் நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சின்ன நிரல். எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் எழுதி முடிக்க மாட்டீர்கள். பணம் தப்பாகும் இடத்துக்கு மட்டும் முதலில் எழுதுங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதம் மாறியது. ஷாம்பூ, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18-ல் இருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பொருள் அட்டவணையில் எண்ணை மட்டும் மாற்றிய மென்பொருளில், செப்டம்பர் 10-ஆம் தேதி பில்லை அக்டோபரில் மறுபிரிண்ட் எடுத்தால் 5 சதவீதம் வரும். அது தப்பு. அந்த பில்லுக்குச் சரக்குத் திரும்பி வந்து கிரெடிட் நோட் போட்டாலும் பழைய 18-தான் வர வேண்டும். மூன்று டெஸ்ட், பத்துப் பத்து வரி. எழுதி வைத்தால் அடுத்த விகித மாற்றத்தில் எவரும் இரவு விழிக்க வேண்டியதில்லை.

இதே மாற்றத்தில் இன்னொரு பொறியும் உண்டு. கிட்ஹப் எந்திரத்தின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நமக்கு ஐந்தரை மணி பின்னால். செப்டம்பர் 22 நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு மருந்துக் கடையில் போட்ட பில், யுடிசி கணக்கில் இன்னும் 21-ஆம் தேதி மாலை ஏழு மணி. லேப்டாப்பில் தேறிய டெஸ்ட் அங்கே விழுந்தால் எந்திரத்தைத் திட்டாதீர்கள். நேர மண்டலத்தை நிரலில் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள் என்று காட்டிக்கொடுத்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஓட வேண்டிய பில்டும் யுடிசி கணக்கில் 20:30-தான்.

பிறகு எல்லைக் கணக்கு. புதுச்சேரிக் கடை இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் கடலூர்க் கடைக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநில எல்லை தாண்டும் விற்பனைக்கான வரி. அதே கடை மேற்குக் கரையில் இருக்கும் மாஹேவுக்கு அனுப்பினால் சிஜிஎஸ்டியும் (மத்தியப் பங்கு) எஸ்ஜிஎஸ்டியும் (மாநிலப் பங்கு), ஏனென்றால் மாஹேயும் ஏனாமும் காரைக்காலும் புதுச்சேரியோடு ஒரே யூனியன் பிரதேசம். இதைப் பின்கோடு வைத்துக் கண்டுபிடிக்க முயன்றால் கதை கந்தல். 605 என்று தொடங்கினால் புதுச்சேரி என்று எழுதினால் விழுப்புரமும் உள்ளே வரும். 607 என்றால் கடலூர் என்று எழுதினால் புதுச்சேரியின் பாகூர் தமிழ்நாட்டுக்குப் போய்விடும். வாங்குபவர் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 34 புதுச்சேரி, 33 தமிழ்நாடு. வெளியாள் எழுதிய சில நிரல்களில் யூனியன் பிரதேசம் என்றாலே யுடிஜிஎஸ்டி (யூனியன் பிரதேச ஜிஎஸ்டி) போட்டுவிடுவார்கள். சட்டமன்றம் உள்ள புதுச்சேரிக்கு எஸ்ஜிஎஸ்டிதான். உங்கள் ஓட்டல் பில்லில் சாப்பாடும் பீரும் ஒன்றாக வரும். மது ஜிஎஸ்டிக்கே வெளியே. இவை ஒவ்வொன்றும் ஒரு டெஸ்ட். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு இவற்றில் பாதி தோன்றவே தோன்றாது.

டெஸ்ட் இருந்தும் ஏதாவது தப்பி லைவுக்குப் போனால் கிட் பைசெக்ட் என்று ஒன்று இருக்கிறது. சரியாக ஓடிய ஒரு கமிட்டையும் கெட்ட கமிட்டையும் சொன்னால், நடுவில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துச் சோதனையில் குற்றவாளிக் கமிட்டில் வந்து நிற்கும். ஒரு வார வேலையை ஒரே கமிட்டாகப் போட்டிருந்தால், அந்தக் கமிட்வரைதான் அது கொண்டுவிடும்.

மெயினில் பில்ட் சிவப்பானால், அதாவது தோற்றால், புது வேலை எதுவும் சேரக் கூடாது. அரை மணியில் சரியாகாவிட்டால் அந்த மாற்றத்தை ரிவர்ட் செய்துவிட்டு (திரும்பப் பெற்றுவிட்டு) நிதானமாகப் பாருங்கள்.

லைவுக்கு ஏற்றும் முறை. பச்சை விழுந்த பில்டை எந்திரமே சர்வரில் தனி ஃபோல்டரில் வைக்கட்டும், ஒவ்வொரு ரிலீஸுக்கும் புது ஃபோல்டர். 'கரண்ட்' என்ற சிம்லிங்க் (ஒரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) புதியதைக் காட்டும்படி மாற்றினால் ரிலீஸ் முடிந்தது. பழையதைக் காட்டும்படி மாற்றினால் ரோல்பேக் முடிந்தது. இதற்கு எஸ்எஸ்எச் (சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை தரும் வழி) வசதி உள்ள ஹோஸ்டிங் வேண்டும். அது வந்தவுடன், ஃபைல்ஜில்லாவில் போடும் எஃப்டிபி கடவுச்சொல்லை மாற்றி, யாருக்கும் சொல்லாமல் வையுங்கள். கையில் இருந்தால் கை போகும். டேட்டாபேஸ் மாற்றங்களை பிஎச்பிமைஅட்மினில் செய்யாமல், வரிசை எண் போட்ட மைக்ரேஷன் கோப்புகளாக ரெப்போவிலேயே வையுங்கள். நிரலைப் பின்னுக்கு இழுப்பது சுலபம், டேட்டாபேஸில் அழித்த நெடுவரிசையை (column) இழுக்க முடியாது. புது நெடுவரிசையை முதலில் சேருங்கள், நிரல் அதற்கு மாறி சில வாரம் ஓடட்டும், பழையதை அப்புறம் நீக்கலாம்.

கடைக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறோம் என்றீர்களே, உண்மையில் உங்கள் பெரிய சுமை அதுதான். அதைக் கடைக்கு ஒரு பிராஞ்ச் என்று மாற்றினால் சுமை குறையாது, வரி விகிதம் மாறினால் எல்லா பிராஞ்ச்சிலும் கைவைக்க வேண்டும். மெயின் ஒன்றே. கடையின் பெயர், லோகோ, பில் வடிவம், எந்த வசதி உண்டு இல்லை என்பதெல்லாம் அமைப்புக் கோப்பில் போகட்டும். இது ஒரு வாரத்தில் முடியாது. குறைவாக மாறுபடும் கடையை முதலில் எடுங்கள், ஒவ்வொன்றாக மெயினுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் எல்லாவற்றையும் வேறு மாதிரி கேட்டிருப்பார். அவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அல்லது தனி மென்பொருளாகவே விட்டுவிட்டு அதற்குத் தனிக் கட்டணம் பேசலாம்.

நெட் சரியாக வராத கடைகளுக்குப் பென் டிரைவில் கொடுக்கிறீர்கள் அல்லவா, அதை நிறுத்த வேண்டியதில்லை. அந்த ஜிப்பும் எந்திரம் செய்ததாக இருந்தால் போதும். மெயினில் டேக் (ஒரு கமிட்டுக்குத் தரும் பதிப்புப் பெயர்) ஒன்று போடுங்கள், பில்ட் ஓடி ஜிப் செய்யட்டும், ஜிப்பின் பெயரிலும் மென்பொருளின் 'அபௌட்' திரையிலும் டேக் எண்ணையும் கமிட் எண்ணின் முதல் ஏழு எழுத்தையும் தானே பதிக்கட்டும். கடைக்காரர் போன் செய்தால் முதல் கேள்வி, "அபௌட்டில் என்ன எண் தெரியுது?" அவர் படித்துச் சொல்லும் எண்ணை உங்கள் லேப்டாப்பில் செக்அவுட் செய்தால், அவர் கடையில் ஓடும் அதே நிரல் உங்கள் முன்னால் இருக்கும்.